நாற்பத்தொரு பேர், அறுபது கூடை

1976 பெப்ரவரி 23, திங்கள். பதுளை

நான் சொல்லிக்கொடுக்கிற காலை வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். டைப் மெஷின் ஆறுதான், அதிலும் ஒன்றுக்கு ரிப்பன் சுற்றாது. விரலால் சுற்றிச் சுற்றி என் நகமெல்லாம் கறுப்பு. இந்தப் பஸார் தெரு மாடியிலேயே கிழவியாகிவிடுவேன் போலிருக்கிறது. இருபத்துநாலு வயதில் இந்த நினைப்பு வரக் கூடாதுதான். வருகிறதே, என்ன செய்ய?

மத்தியானம் இந்த வகுப்பை நடத்துகிற ஹாஷிம் மாஸ்டர் பத்திரிகையில் ஒரு துண்டைக் கத்தரித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "இது ஒனக்குன்னே போட்ட மாதிரி ஈக்கி புள்ள, வாசிச்சுப் பாரு." கொழும்பில் ஓர் ஆலோசனைக் கம்பெனி. போன வருஷம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட தேயிலைத் தோட்டங்களில் எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லப் போகிறார்களாம். கொழுந்து பறிக்கிற பெண்களிடம் பேசி விவரம் எடுக்கத் தமிழ் தெரிந்த, இங்கிலீஷும் டைப்பிங்கும் தெரிந்த பெண்கள் இரண்டு பேர் தேவை. நேர்முகப் பரீட்சை பண்டாரவளையில்.

மாஸ்டரின் மகள் நபீலா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆலோசனைய விக்கிறதா? அதுக்கும் கடை ஈக்கா?" என்றாள். சம்பளத்தை வாசித்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

எழுதிப் போடப் போகிறேன். கிடைக்காவிட்டால் முத்திரைக் காசுதானே போகும்.

பெப்ரவரி 25

விண்ணப்பத்தை மூன்று தரம் டைப் அடித்தேன். மூன்றிலும் என் பேரில்தான் பிழை. அவசரப்பட்டால் சொந்தப் பேர்கூடத் தப்பாகத்தான் விழும்.

பெப்ரவரி 29, ஞாயிறு. மொட்டைப்பாறைத் தோட்டம்

நேற்றுப் பின்னேரக் கோச்சி ரயிலில் தெமோதரைக்கு வந்து, மூன்று மைல் நடந்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாரம் முழுக்க மாஸ்டர் வீட்டுப் பின்னறையில் தங்கினாலும் சனிக்கிழமை ஆனால் கால் தானாக இங்கே வந்துவிடும்.

அக்கா ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். நல்லையா அண்ணனும் கருப்பம்மா அண்ணியும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். வேலைக்கு எழுதிப் போட்டதைச் சொன்னேன். அக்கா மாவுக் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "எனக்கு அப்பவே தெரியும்டி. நீ மலையில கூடை தூக்கப் பொறந்தவ இல்ல."

அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது. அக்காவுக்குப் பதிமூன்று. அன்றைக்குக் கூடையைத் தலையில் மாட்டியவள் இன்னும் கழற்றவில்லை. பதுளைப் பள்ளிக்கூடத்தில் என்னைப் போர்டிங்கில் சேர்த்தது அவள்தான்.

அவளுக்குத்தான் இந்தத் தலைவிதி. கல்யாணமாகிப் போன வீட்டில் அத்தான் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதினார், அக்கா பேரும் அதோடு போயிற்று. அப்பா சாவதற்கு முந்தி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதினார், அதில் அண்ணன் பேரும் என் பேரும். ஒரே வயிற்றில் பிறந்து, நாங்கள் இந்த நாட்டுக்காரர், அவள் அந்த நாட்டுக்காரி. அத்தான் செத்தார், பிள்ளையும் இல்லை, அக்கா இங்கேயே திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. விசா முடிந்தது. செக்ரோலில், அதாவது வேலைக்காரர் இடாப்பில், பேரை வெட்டினார்கள். இரண்டு வருஷமாயிற்று, இன்னும் கப்பலேறவில்லை. "அங்க எனக்கு யாருடி இருக்கா? காயிதத்துல ஒரு ஊர் பேரு இருக்கு, அவ்வளவுதான்."

விடியக்காலம் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது அக்கா போகமாட்டாள். எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகு லயத்துக்குப் பின்பக்கமாக ஏறி, அண்ணிக்குப் பக்கத்து நிரையில் நின்று பறிப்பாள். மடுவக் கொட்டகைத் தராசில் நிறுக்கும்போது அவள் கூடையும் அண்ணி பேரில் விழும். கணக்கப்பிள்ளை மாடசாமி எல்லாம் தெரிந்தவர். தெரியாதவர் மாதிரி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்வார். கொழுந்து வந்தால் சரி அவருக்கு.

மார்ச் 9, செவ்வாய்

வந்துவிட்டது! பத்தொன்பதாம் திகதி காலை ஒன்பதரைக்குப் பண்டாரவளை. நபீலா என்னைவிட அதிகமாகக் குதித்தாள். கீழே துணிக்கடை பாறூக் நாநா மேலே பார்த்துக் கத்தினார், தூசி கொட்டுகிறதாம்.

மார்ச் 18

நபீலாவின் ராத்தாவுடைய சேலை, நபீலாவின் செருப்பு, என் தலை. தலை மட்டும் என்னுடையது, அது நாளைக்கு வேலை செய்யவேண்டும். ஆண்டவனே.

மார்ச் 19, வெள்ளி

எழுதாவிட்டால் தூக்கம் வராது. எங்கே தொடங்க?

பண்டாரவளையில் ஒரு பழைய பங்களா. வெளியே வாங்கில் உட்கார்ந்து ஆறு பெண்கள். மூன்று பேர் டவுன் பிள்ளைகள், கையில் கைப்பை, வாயில் இங்கிலீஷ். எனக்குப் பக்கத்தில் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பேர் ரெங்கம்மா. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். எனக்கு முந்தி அவளைக் கூப்பிட்டார்கள். பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தாள். "என்ன கேட்டாங்க?" என்றேன். "என்னமோ கணக்கு. நல்ல மண்ணா இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்." என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். பாவம், பயந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே இரண்டு பேர். பெரியவர் குலரத்ன, இங்கிலீஷில்தான் பேசினார், சிரிக்கவே இல்லை. மற்றவர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர். படிப்பு, டைப்பிங் எல்லாம் கேட்டு முடித்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதிலை மூண்டு தோட்டம் இருக்கு, அ, ஆ, இ. பேர் தேவையில்லை, இது பரீட்சைக்குத்தான். மூண்டிலையும் ஒரே உயரம், ஒரே கன்று, ஒரே உரம். அ-விலையும் ஆ-விலையும் ஒரு பொம்பிளை ஒரு நாளைக்கு முப்பத்தைஞ்சு றாத்தல் பறிக்கிறா. இ-யிலை ஒரு பிரிவிலை மட்டும் ஐம்பத்தொரு றாத்தல். நாற்பத்தொரு பேர்தான். ஏன்? யோசிச்சுச் சொல்லும் பாப்பம்."

மண் நல்ல மண், மழை நல்ல மழை, கங்காணி நல்ல கங்காணி என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தத் தாளைப் பார்த்த உடனே சிரிப்பு வந்தது. எந்த மனுஷிக்கும் இரண்டு கைதானே? ஐம்பத்தொன்றை நாற்பத்தொன்றால் பெருக்கினேன், இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்று. முப்பத்தைந்தால் பிரித்தேன். மனக்கணக்குத்தான், பென்சிலைத் தொடவே இல்லை.

"ஐயா, இது நாற்பத்தொரு பேர் பறிச்ச கொழுந்து இல்ல. அறுபது பேர் பறிச்சது" என்றேன்.

குலரத்ன அப்போதுதான் தலை நிமிர்ந்தார்.

பிறகு என்னை யார் பிடிக்க? கொட்டினேன். இந்தியாவுக்கு எழுதிய ஆட்கள், விசா முடிந்தவர்கள், பேர் வெட்டப்பட்டவர்கள் லயத்தைவிட்டுப் போவதில்லை. சொந்தக்காரர் பேரில் கொழுந்து போடுவார்கள். எந்தத் தோட்டத்திலும் கொஞ்சம் இருக்கும், இந்த இ-யில் கூடுதலாக இருக்கிறது. "எப்படி நிரூபிக்கலாம்?" என்று பெரியவர் இங்கிலீஷில் கேட்டார். "லேசு சேர். காலையில் பெரட்டில் பேரை எண்ணவேண்டும். பத்து மணி நிறுவைக்கு மடுவத்தில் நின்று கூடையை எண்ணவேண்டும். பெரட்டுக்கு ஒளிக்கலாம், தராசுக்கு ஒளிக்க முடியாது." இங்கிலீஷில் சொன்னேன், ஒரு பிழைகூட இல்லாமல்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருளம்பலம் ஐயா எழுந்து கதவுவரை வந்து வழியனுப்பினார். எழுந்து வந்தார்! தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு!

கோச்சியில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். எதிரில் இருந்த ஆச்சி நகர்ந்து உட்கார்ந்தார்.

மார்ச் 20

நபீலாவிடம் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினேன். கைதட்டினாள். பிறகு, "அது சரி புள்ள, ஒங்க அக்காவும் அப்பிடித்தானே?" என்றாள். அது பேரில்லாத தோட்டம், பரீட்சைக் கணக்கு என்றேன். "அப்பச் சரி" என்று தேத்தண்ணி போடப் போனாள்.

ஏப்ரல் 5, திங்கள்

கிடைத்துவிட்டது. என் பேர் ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருக்கிறது. மே பத்தாம் திகதி சேரவேண்டும். அழுதேன். ஹாஷிம் மாஸ்டர், "மெஷின் நனையுது" என்று துவாய் கொடுத்தார்.

ஏப்ரல் 11, ஞாயிறு. மொட்டைப்பாறை

இன்றைக்கு நான்தான் தோட்டத்து ராணி. அண்ணன் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். பக்கத்துக் காம்பரா பூவாயி அக்கா தன் நாலு பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்து, "இவளப் பாருங்கடா, இவள மாதிரிப் படிக்கணும்" என்றாள். கணக்கப்பிள்ளை மாடசாமியே வந்து வாசலில் நின்று, "நம்ம தோட்டத்துக்குப் பெருமை" என்றார்.

 எல்லோரும் போன பிறகு அக்கா அந்தக் கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாதவள், விரலால் தடவிப் பார்த்தாள். "இதுல உம் பேரு எது?" காட்டினேன். "இவ்வளவு நீளமா?" என்றாள்.

ஏப்ரல் 27, செவ்வாய். பதுளை

அண்ணன் வந்தான். வேலை நாளில், முழங்கால் சேற்றோடு மாடிக்கே ஏறி வந்தான். 

நேற்றுப் பத்து மணி நிறுவைக்குப் பெரிய கிளாக்கரும் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேரும் மடுவத்தில் வந்து நின்றார்களாம். காலையில் பெரட்டில் பேர் எண்ணிய தாள் கையில் இருந்ததாம். யாரையும் எதுவும் கேட்கவில்லையாம். ஒவ்வொரு கூடையாக எண்ணினார்களாம்.

"கூடையவா எண்ணுனாங்க?" என்றேன்.

"கூடையத்தான். ஆள எண்ணல. பேரு நாப்பத்தொண்ணு, கூட அறுவது. யாரோ சொல்லிக் குடுத்துருக்கானுங்க தங்கச்சி. இது வெளியாளுக்குத் தெரியிற வெசயமா? எந்த நாயி சொல்லுச்சோ!"

நாற்பத்தொன்று. அறுபது.

 அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேனா, ஞாபகமில்லை. அவன் போன பிறகு நபீலா வந்து தோளைத் தொட்டாள், திடுக்கிட்டுக் கத்திவிட்டேன்.

ஏப்ரல் 28

இல்லை. அது பேரில்லாத தோட்டம். பரீட்சைக்கு என்றார். அவர் வாயால் சொன்னார்.

எங்கள் கீழ்ப்பிரிவில் எத்தனை பேர் என்று நான் ஒரு நாளாவது எண்ணியிருக்கிறேனா? பிறந்த இடம். எண்ணத் தெரிந்த ஒரே ஆள் நான். எண்ணவில்லையே! அக்கா, பூவாயி, இன்னும் இரண்டு மூன்று பேர் என்றுதான் நினைத்திருந்தேன். பத்தொன்பது பேரா? பத்தொன்பது பேரா இருந்தார்கள்?

அடிப் பாவி. அடிப் பாவி தவமணி.

ஏப்ரல் 29, வியாழன்

மாஸ்டரிடம் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டுப் பண்டாரவளைக்குப் போனேன். அருளம்பலம் ஐயா என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வாரும் வாரும், வேலைக்கு முந்தியே வந்திட்டீர்" என்று நாற்காலி போட்டார். அந்தத் தோட்டம் இ எது என்று கேட்டேன். நிற்கும்போதே கேட்டேன்.

ஒளிக்கவே இல்லை அவர். பேரைச் சொன்னார். என் விண்ணப்பத்தில் பதுளை விலாசம்தானே போட்டிருந்தேன், லயத்து விலாசம் போட வெட்கமாக இருந்தது அப்போது. அவருக்கு எப்படித் தெரியும்?

"மூண்டு மாசமாய் இதுக்கு மறுமொழி தேடினனாங்கள், பிள்ளை. துரைமாரைக் கேட்டம், கிளாக்கர்மாரைக் கேட்டம், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அப்ப குலரத்னதான் சொன்னவர், நேர்முகத்துக்கு வாற பிள்ளையளிட்டைக் கேட்டுப் பாப்பம் எண்டு. இருபத்திரண்டு பேரைக் கேட்டம். அதிலை பதினொரு பேர் தோட்டத்துப் பிள்ளையள். சொன்னது நீர் ஒராள்தான்."

பெருமையாகச் சொன்னார் அதை. பரிசு கொடுக்கிற மாதிரி.

பதினொரு தோட்டத்துப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். சோறு எப்படி வருகிறது என்று வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? தாளைப் பார்த்தார்கள், விளங்கிக்கொண்டார்கள், வாயை மூடினார்கள். ரெங்கம்மா பத்து நிமிஷத்தில் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் போனாளே. நான் அவளைப் பார்த்துப் பாவம் என்றேன்! நான்!

அதைத் திரும்ப எடுக்க முடியாதா என்று கேட்டேன். பிழையாகச் சொல்லிவிட்டேன், ஊகம்தான் என்றேன். அவர் குழம்பிப் போனார். "அறிக்கை போயிட்டுதே. எண்ணியும் பாத்தாச்சு, நீர் சொன்ன கணக்குச் சரியாய் வந்திருக்கு. நாங்கள் ஒருத்தரையும் பிடிக்கச் சொல்லேல்லை, பிள்ளை. கூடையை எண்ணுங்கோ எண்டு ஒரு வரி எழுதினனாங்கள், அவ்வளவுதான்." அந்த வரியையும் எடுத்துக் காட்டினார். நான் சொன்ன இங்கிலீஷ், சொல்லுக்குச் சொல் அப்படியே.

அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நல்ல மனிதர்தான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

மே 2, ஞாயிறு. மொட்டைப்பாறை

முந்தாநாள் பெரிய கிளாக்கர் லயத்தில் காம்பரா காம்பராவாக வந்து காகிதம் பார்த்தாராம். பத்தொன்பது பேரில் எட்டுப் பேருக்கு விசா முடிந்துவிட்டது. மற்றவர்களுக்குக் காகிதமே இன்னும் வரவில்லை, அவர்களை மலையில் காணக் கூடாது என்று உத்தரவு. எட்டுப் பேர் லிஸ்ட் பொலிஸுக்குப் போய்விட்டது. அக்கா மூன்றாவது. பூவாயி ஐந்தாவது.

காலையில் பீலியடியில் அக்கா தனியாகக் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "வேலைக்குக் கேள்வி கேட்டாங்க, சரி. அதுக்கு நீ என்ன சொன்ன?"

"கூடைய எண்ணச் சொன்னேன்க்கா."

"எண்ணச் சொல்லி நீயா சொன்ன?"

"நம்ம தோட்டம்னு தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

குடம் நிறைந்து வழிந்தது. எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள். அடித்திருக்கலாம். அடிப்பாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"வேற தோட்டமா இருந்தா?" என்றாள்.

 வேறு தோட்டமாக இருந்தால் இந்நேரம் கொலர் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன். அதுதான் உண்மை. இந்தப் புத்தகத்தில்தானே எழுதுகிறேன், எழுதிவிட்டுப் போகிறேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அண்ணங்கிட்ட சொல்லிறாத. கத்திய தூக்கிருவான். பூவாயிகிட்டயும் சொல்லாத, அவ தாங்க மாட்டா." நாலு எட்டு நடந்து திரும்பினாள். "வேலைக்குப் போயிரு. நான் போறதும் போறேன், அந்தச் சம்பளமாவது இந்த வீட்டுக்கு வரட்டும்."

நான் அழ ஆரம்பித்தேன்.

"இப்ப எம் முன்னால நிக்காத. போ."

மே 6

ஹாஷிம் மாஸ்டருக்குத் தெரிந்த ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம், நபீலாவும் நானும். எட்டுப் பேருடைய விவரத்தையும் கேட்டுவிட்டு, "விசா முடிந்தது முடிந்ததுதான், தேதியைக் கொஞ்சம் தள்ளலாம்" என்றார். எவ்வளவு தள்ளலாம் என்றேன். ஒரு மாதம் என்றார்.

மே 10, திங்கள்

வேலைக்குப் போனேன். ஆமாம், போனேன்.

மே 23, ஞாயிறு

லயத்துக்குப் போனால் எல்லோரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். "கொழும்பு ஆளுங்ககிட்ட நீ சொல்லு தவமணி, ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியும், கேப்பாங்க" என்று பூவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்கக் கொழுந்துக் கறை, இன்னும் போகவில்லை. நான் சொல்கிறேன் என்றேன். இதற்கு மேல் கீழே போக இடமிருக்கிறதா என்று தெரியவில்லை.

அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 8, செவ்வாய். தெமோதரை

எட்டுப் பேரையும் இன்றைக்குக் கோச்சி ஏற்றினார்கள். தலைமன்னாரில் கப்பல். இரண்டு பொலிஸ்காரர்கள் கூட. அவர்கள் சின்னப் பையன்கள், எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூவாயியின் பிள்ளைகள் நாலு பேருக்கும் தாயின் பாஸ்போர்ட்டில்தான் பேர், அவர்களும் தாயோடு ஏறினார்கள். புருஷன் இலங்கைக்காரன், பிளாட்பாரத்தில் நின்றான். சின்னது ஜன்னலுக்குள்ளிருந்து அவன் தொப்பியைப் பறித்து வைத்துக்கொண்டது, கொடுக்கவே இல்லை. கோச்சி அசைந்த பிறகும் அவன் தொப்பிக்குக் கை நீட்டிக்கொண்டே கூட நடந்தான். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வெடிக்கவில்லை. எதுவும் ஆவதில்லை எனக்கு.

அக்கா ஒரு தகரப் பெட்டியும் கம்பளியும் வைத்திருந்தாள். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் தலையைத் தடவினாள், சின்னவனை முத்தமிட்டாள். நான் கடைசியில் நின்றேன். தூறல் விழத் தொடங்கியிருந்தது, மழைக்கோட்டு என் கையில் மடித்தபடி இருந்தது.

"மழக் கோட்ட மாட்டிக்க" என்றாள் என்னைப் பார்த்து.

மாட்டிக்கொண்டேன். அக்கா அதோடு திரும்பி ஏறிப் போய் அந்தப்புறத்து ஜன்னலில் உட்கார்ந்தாள். நான் நின்ற பக்கத்திலிருந்து தெரியவில்லை.

ஜூன் 9

அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மனம் ஆறியதால்தானே சொன்னாள்? நபீலாவும் அப்படித்தான் சொல்கிறாள். "கூடப்பொறந்தவ புள்ள, எத்தன நாளைக்கு?" என்கிறாள்.

ஜூலை 14

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். ஆலோசனைக்காரி வந்திருக்கிறாள் என்று பெண்கள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு காம்பராவாகப் போய், எத்தனை பேர் வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்கவேண்டும். செக்ரோலில் இருக்கிற பேரை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். உள்ளே யார் இருந்தாலும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

குலரத்ன என் தாள்களைப் புரட்டிவிட்டு, நேர்முகத்தில் இருந்த கூர்மை இப்போது இல்லையே என்றார். "யெஸ் சேர்" என்றேன்.

ஆகஸ்ட் 1

அண்ணியின் கூடை ஒன்றுதான் இப்போது. அண்ணி முதுகு வலி என்று படுத்திருந்தாள். சம்பளத்தில் பாதியை அவள் கையில் வைத்தேன். "நீ இல்லேன்னா நாங்க என்னத்துக்கு ஆவோம்" என்றாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு. மொட்டைப்பாறை

இந்தியாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. வந்து நாலு நாளாயிற்றாம். வீட்டில் வாசிக்க ஆள் இல்லை, வெளியாளிடம் கொடுக்க மனமில்லாமல் எனக்காக வைத்திருந்தார்கள். அண்ணன் அதைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தான். அண்ணி சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். வெளியே மாடசாமி கணக்கப்பிள்ளையும் வந்து நிலையில் சாய்ந்து நின்றார்.

யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக்கொடுத்திருக்கவேண்டும். குண்டு குண்டான எழுத்து. சத்தமாக வாசித்தேன்.

அன்புள்ள தம்பி நல்லையாவுக்கு அக்கா பெரியாயி எழுதிக்கொண்டது. நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். அத்தானுடைய தம்பி வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். இங்கே வெயில் பொல்லாத வெயில், கம்பளியை விற்றுவிட்டேன். ரோட்டு வேலைக்குக் கல் சுமக்கப் போகிறேன். பூவாயியை மண்டபம் முகாமில் பிரித்து வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை. கருப்பம்மா முதுகுக்கு எண்ணெய் தேய்க்கவும். சின்னவனுக்கு நடை வந்துவிட்டதா? கணக்கப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும். பீலியடி ராமாயியைக் கேட்டதாகச் சொல்லவும். கோயில் பூசாரியையும், மேல்லயத்து முத்தம்மாவையும், அவள் மருமகளையும் கேட்டதாகச் சொல்லவும். நம்ம கறுப்பு நாய் இருக்கிறதா, எழுதவும்.

அவ்வளவுதான். தாளைத் திருப்பினேன். பின்பக்கம் விலாசம். மடித்த ஓரத்தில் பார்த்தேன். உறைக்குள் பார்த்தேன்.

"நாயக்கூட கேட்டிருக்கா பாரு" என்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "தவமணியக் கேக்கலியா?"

தாள் என் கையில்தான் இருந்தது. வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், நிலையில் நின்ற மாடசாமிக்கு அங்கிருந்து எழுத்துத் தெரியாது.

"கேட்டிருக்கு அண்ணி. கடைசியில இருக்கு." தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "தங்கச்சி தவமணியை ரொம்பவும் கேட்டதாகச் சொல்லவும். அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்."

"அதான பாத்தேன். அவ வளத்த பிள்ளையாச்சே" என்றாள் அண்ணி.

மாடசாமி தலையாட்டினார். அண்ணன் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான். "முதல்ல இருந்து இன்னொருக்கா வாசி தங்கச்சி" என்றான்.

முதலிலிருந்து வாசித்தேன். கடைசியில் என் பேரையும் சேர்த்தேதான் வாசித்தேன்.